குதிரைக்காரர் கொண்டுவந்த காபி

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது, எழுத்து வடிவில்)

அனைவருக்கும் வணக்கம்.

"தினமும் எழுதுவது எப்படி" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்கச் சொல்வது வழக்கம். பயப்படாதீர்கள், நான் அதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் விடியற்காலையில் எழுந்த ஒருவரைப் பற்றித்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.

ஆண்டனி டிராலப். ஆங்கில நாவலாசிரியர். 1815இல் பிறந்து 1882இல் இறந்தவர். எழுதிய நாவல்கள் 47. இத்தனைக்கும் 1834 முதல் 1867 வரை தபால் இலாகாவில் முழுநேர உத்தியோகம். பிரிட்டனில் தெருவோரத் தூண் தபால் பெட்டி வந்ததற்கு இவர் சொன்ன யோசனைதான் காரணம். முதலில் ஜெர்சி தீவில் 1852இல் வைத்தார்கள். ஆபீசில் பெயருக்கு உட்கார்ந்துவிட்டுக் கதை எழுதியவர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். மூன்று மணி நேரம். எதிரே கடிகாரம், கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கு. முதல் அரை மணி நேரம் புதிதாக எதுவும் எழுத மாட்டார், முந்தைய நாள் எழுதியதைக் காதால் கேட்பதுபோல் படித்துப் பார்ப்பார். மிச்சம் இரண்டரை மணி நேரம். கணக்கில் வல்லவர்கள் பெருக்கிப் பாருங்கள், 2,500 சொற்கள் வரும். காலை உணவுக்கு முன்னால் எழுத்து வேலை முடிந்துவிடும், அப்புறம் ஆபீஸ். தபால் வேலையாக ரயிலில் போகும்போது மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார், மனைவி பிறகு அதைப் படியெடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு டைரி போட்டு, எந்தத் தேதியில் எத்தனை பக்கம் என்று குறித்தும் வைத்தார்.

இதையெல்லாம் அவரே தன் வரலாற்றில் எழுதினார். இறந்த மறு வருஷம், 1883இல், அது வெளிவந்தது. இலக்கியவாதிகள் பலர் முகம் சுளித்தார்கள். கணக்கப்பிள்ளை பேரேடு எழுதுவதுபோல் நாவல் எழுதியிருக்கிறாரே என்று. எனக்கு அந்தப் பேரேடுதான் பிடித்திருக்கிறது.

சரி, அவர் எப்படி ஐந்தரைக்கு மேசைக்கு வந்தார்? மன உறுதியாலா? அதையும் அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் வயதான குதிரைக்காரர் ஒருவர் இருந்தார். காபியோடு வந்து எழுப்புவதற்கென்றே அவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு அதிகச் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்கிறார் டிராலப். 47 நாவல் எழுதியவரே தன் மன உறுதியை நம்பவில்லை, காசு கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்! (சிரிப்பு)

இங்கே வந்திருக்கும் பெண்கள் சிரிப்பதற்குக் காரணம் தெரிகிறது. காபி போட ஒருவர், படியெடுக்க ஒருவர் இருந்தால் நாங்களும்தான் எழுதுவோம் என்கிறீர்கள். நியாயம். நம் வீடுகளில் அந்த ஐந்தரை மணிக்குக் காபி போடுகிறவரே எழுத நினைப்பவராக இருந்தால் என்ன செய்வது? டிராலப்பின் கடிகாரத்தை அவர்மேல் சுமத்துவது அநியாயம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பத்தேகால் மணியோ, எல்லோரும் படுத்த பிறகு வரும் அரை மணியோ போதும். எந்த மணி என்பது முக்கியமில்லை, தினமும் அதே மணியாக இருக்க வேண்டும். "இன்றைக்கு எப்போது எழுதலாம்?" என்று யோசிக்க ஆரம்பித்தாலே அன்றைய எழுத்து போயிற்று.

பழக்கம் நமக்குச் செய்து தருவது அதைத்தான் என்று நினைக்கிறேன். எப்போது உட்காருவது, எங்கிருந்து தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறது. மூளைக்கு வாக்கியத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்குப் புதுச்சேரிக்குப் போவோம். ஆனந்தரங்கப் பிள்ளை டைரி எழுதத் தொடங்கியது 1736இல். அவர் 1761 ஜனவரியில் இறக்கும் வரை, 24 வருஷங்களுக்கு மேல் அது நீள்கிறது. வியாபாரி, பிறகு பிரெஞ்சு குவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். அவரைப்போல் வேலை உள்ள ஆள் அன்றைக்கு ஊரில் சிலர்தான் இருந்திருப்பார்கள். எப்படி எழுதினார்? அவருடைய குறிப்புகளைப் புரட்டினால் ஓர் அச்சு தெரியும். முதலில் தேதியும் கிழமையும். பிறகு காலையில் கோட்டைக்குப் போனது, குவர்னர் என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னேன், பாக்குக் கிடங்கில் யார் வந்து பார்த்தார்கள், எந்தக் கப்பல் வந்தது. அச்சு இருப்பதால் முதல் வரிக்குத் தவிக்க வேண்டியதில்லை. தேதியைப் போட்டால் கை தானாக ஓடும்.

இன்னொன்றும் பாருங்கள். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை அந்த டைரியை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. முதல் தொகுதியிலேயே ஏறத்தாழ பத்து வருஷங்கள் அடங்கிவிடுகின்றன. அடுத்த பதினைந்து வருஷங்களுக்கு மிச்சப் பதினொரு தொகுதிகள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், எழுத விஷயம் பெருகியது, அதுவும் உண்மைதான். ஆனாலும் மெல்லிய குறிப்புகளாக எழுதிய அந்தப் பத்து வருஷம் இல்லாமல், பெரிய சம்பவங்கள் வந்தபோது அந்தக் கை தயாராக இருந்திருக்குமா என்பது என் சந்தேகம். முதல் மாதத்தில் மூன்று வரிதான் எழுதினேன் என்று யாராவது வருத்தப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

நிறுத்தும் இடத்துக்கு அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே ஒரு வழி சொல்லியிருக்கிறார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைக்கு நிறுத்திவிட வேண்டுமாம். நம்மில் பலர் நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை வேகம் வந்தால் இரவு ஒரு மணி வரை எழுதிச் சரக்கைத் தீர்த்துவிடுவோம், திங்களன்று வெறும் திரை முறைத்துப் பார்க்கும். பிறகு அடுத்த ஞாயிறுதான்.

மறந்துவிட்டேன், வெளியே யாராவது காத்திருந்தால் இன்னும் நல்லது. உ.வே.சா. தன் சரித்திரத்தை 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கியபோது அவருக்கு 85 நெருங்கிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் அச்சகம் கேட்கும். 1942இல் மறைந்தார், தொடர் நிறைவுபெறவில்லை. ஆனாலும் அத்தனை அத்தியாயங்கள் நமக்குக் கிடைத்தன. நமக்கு விகடன் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் அனுப்பு என்று கேட்க ஒரு நண்பர் போதும். அவர் பாராட்ட வேண்டியதில்லை, வரவில்லையே என்று ஒரு போன் போட்டால் சரி.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது, எழுதும்போது அது அடுத்த அறையில் இருக்கட்டும். போனிலேயே தமிழ் தட்டுகிறவர்கள் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கதை, கவிதை எதுவும் கொண்டுவர வேண்டாம். ஒரு தாளில் தேதி, உட்கார்ந்த நேரம், எழுதிய வரிகள், இந்த மூன்றை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதாத நாளுக்குச் சைபர் போடுங்கள், விட்டுவிடாதீர்கள். எல்லாத் தாளையும் மேசையில் பரப்பி வைத்து, யாருக்கு எந்தக் கிழமை சைபர் விழுகிறது, ஏன் விழுகிறது என்று பேசுவோம். அதற்கு முன் கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம். டீ வர இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம்.