நடந்து போகும் தூரத்தில் ஒரு மர நிழல்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கும் இன்று நிற்கும் இடத்தில், 1859-ஆம் ஆண்டு சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் தொடங்கிவைத்த 'பீப்பிள்ஸ் பார்க்' என்னும் மக்கள் பூங்கா பரந்து கிடந்தது. நெரிசலில் வாழ்ந்த நகரத்து மக்கள் காற்று வாங்குவதற்கென்று 116 ஏக்கரில், 11 குளங்களோடு அமைந்த அந்தத் தோட்டத்தை, விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த கட்டடங்கள் விழுங்கிவிட்டன. பார்க் டவுன் என்ற பெயரும், மை லேடீஸ் கார்டன் என்ற சிறு துண்டுமே மிச்சம். இவற்றில் எதையும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இடம் தேவைப்பட்ட போதெல்லாம் கைவைக்க எளிதாக இருந்தது மக்கள் உட்கார்ந்திருந்த நிலம்தான்.

அங்கிருந்து சற்று வடக்கே புளியந்தோப்பு. கேசவப் பிள்ளை பூங்கா என்று கேட்டால் ஆட்டோக்காரர் நம்மைக் கொண்டுபோய் இறக்குவது 1,920 வீடுகள் கொண்ட ஒன்பது மாடிக் குடியிருப்பில். ஒரு மாலை அங்கே போயிருந்தேன். ஆளுக்கு ஆள் ஒதுங்கிப் போகவேண்டிய நடைவழியில், காயப்போட்ட புடவைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து ஒரு சிறுவன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். படிக்கட்டில் காற்றுக்காக உட்கார்ந்திருந்த மூதாட்டி, ஏறி இறங்குவோருக்கெல்லாம் காலை மடக்கி மடக்கி வழிவிட்டார். பழைய பெயின்ட் வாளியில் துளசி வளர்த்திருந்த ஒரு தாய், "உள்ள படிக்கிற புள்ளைக்கு எடம் விட்டா நாங்க வெளியத்தான் நிக்கணும்" என்றார். சிறிய வீட்டில் வாழ்பவருக்குப் பூங்கா என்பது கட்டாமல் விட்ட இன்னோர் அறை.

அந்த அறை ஏன் அவர்களுக்குக் கிடைப்பதில்லை? 3,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனையில் கட்டுவோர் அதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கவேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டவர்கள் அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம், அதற்கு மேற்பட்டவர்கள் தானப் பத்திரம் எழுதி நிலத்தை ஒப்படைத்தே தீரவேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அவ்வளவு பெரிய மனைகள் பெரும்பாலும் புறநகரில் இருப்பதால் புதுப் பூங்காக்களும் அங்கேயே உருவாகின்றன. அரை கிரவுண்டுக்கும், அதாவது 1,200 சதுர அடிக்கும், குறைவான மனைகள் நெருங்கிக் கிடக்கும் தெருக்கள் இந்த விதியின் கண்ணிலேயே படுவதில்லை.

பெரிய பூங்காக்கள் எல்லோருக்கும் பொது அல்லவா என்று கேட்கலாம். கதீட்ரல் சாலையில் 2024-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என்று அறிவித்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு கணவனும் மனைவியும் வாசலைத் தாண்ட 300 ரூபாய். தினக்கூலியில் ஓடும் குடும்பம் அங்கே ஆண்டுக்கு ஒருமுறை போகும், மாலைதோறும் போகாது.

ஆகவே நான் கேட்பது பெரிய பூங்கா அல்ல. நிலத்துக்கு ஈடாக வாங்கும் பணத்தைக் கொண்டு, நிலமே இல்லாத வார்டுகளில் இரண்டு கிரவுண்டு, மூன்று கிரவுண்டாக வாங்கிப் புங்கமும் வேம்பும் நடுங்கள். கட்டணம் வேண்டாம். குடிதண்ணீரும் பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறையும் இருக்கட்டும். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு இரவு ஏழரை மணிக்குத் திரும்பும் பெண், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேரும்போது அதன் கதவு பூட்டியிருக்கக் கூடாது.