பார்பிசோன் போனால் ஓவியத்தைத் தேடாதீர்கள், அலமாரியைப் பாருங்கள்!

(திரையில்: பழைய மர அலமாரி. கேமரா மெல்ல நெருங்குகிறது.)

சாமான் அடுக்குகிற அலமாரி. ஆனால் பலகையெங்கும் குட்டிக் குட்டி ஓவியங்கள்! வரைந்தது யார்? விடுதியில் தங்கியிருந்த ஓவியர்கள். ஏன் வரைந்தார்கள்? வெளியே மழை, அதனால்தான்!

வணக்கம். இன்றைக்குப் பாரிஸிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய பார்பிசோன். தூரம் சுமார் 60 கிலோமீட்டர். ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. பாரிஸில் ‘கார் த லியோன்’ என்ற ரயில் நிலையத்தில் ரயிலேறி ஃபோந்தேன்ப்ளோவில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும். வரலாறு ஒரே மூச்சில்: 1830 வாக்கில் தொடங்கி, புராணக் காட்சிகளை வரைந்து அலுத்துப்போன ஓவியர்கள் காட்டையும் மாட்டையும் வரைய இங்கே வந்து குவிந்தார்கள். போதும், அலமாரிக்கு வருவோம்.

ஊரின் முக்கியத் தெருவுக்குப் பெயர் கிராந்த் ரூ, அதாவது பெரிய தெரு. பெயரில்தான் பெரிசு. அங்கேதான் கான் விடுதி. பிரான்சுவா கான் மளிகைக் கடையோடு சேர்த்து நடத்திய இடம், இப்போது அருங்காட்சியகம். விடிந்ததும் ஓவியர்கள் கட்டுச்சோற்றோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள் சும்மா இருக்கக் கை விடுமா? சுவர், கதவு, அலமாரி என்று ஒன்றையும் விடவில்லை. நம் வீட்டில் பிள்ளைகள் சுவரில் கிறுக்கினால் முதுகில் ஒன்று விழும். இங்கே அதற்கு டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள்!

எனக்கு ஏன் இந்த அலமாரி இவ்வளவு பிடிக்கிறது தெரியுமா? அந்தக் காலத்தில் ஓவியர் பிழைக்க வேண்டுமென்றால் பாரிஸில் நடக்கும் சலோன் கண்காட்சியில் படம் இடம்பெற வேண்டும். இந்த ஊரின் பெரிய கை தெயோதோர் ரூசோ. 1836 முதல் 1841 வரை அவர் படங்களை நடுவர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ‘மகா நிராகரிக்கப்பட்டவர்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. வெறுத்துப்போய்ச் சில வருடம் படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். ஆனால் அலமாரிக் கதவில் வரைந்ததை எந்த நடுவர் வந்து திருப்பி அனுப்புவார்? அந்த விளையாட்டுத்தனம் அதில் தெரிகிறது.

இன்னொரு சுவாரசியம். அப்போதெல்லாம் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில்தான் கட்டி வைப்பார்கள். ஓர் ஆணியால் குத்திப் பிதுக்க வேண்டும், பிறகு அதே ஆணியால் ஓட்டையை அடைக்க வேண்டும். அது வெடித்தால் சட்டை காலி! 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய பற்பசை ட்யூபின் தாத்தா. வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் வரைவது அதற்கப்புறம்தான் சுலபமானது.

சரி, இந்த ஊரின் இன்னொரு பெரிய ஓவியர் மில்லே? 1849இல் குடும்பத்தோடு வந்தவர், 1875இல் இங்கேயே காலமானார். அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள், அந்தப் படம் இவருடையதுதான். அசல் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க இவ்வளவு தூரம் வராதீர்கள்.

காட்டுக்கு ஒரு நடை கட்டாயம் போங்கள். கிழட்டு ஓக் மரங்களை வெட்டிவிட்டு வனத்துறை பைன் நட்டபோது, ஓவியர்கள் அந்தக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள்! ரூசோ, பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வரைக்கும் முறையிட்டார். 1861இல் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல், அழகுக்காகவே காப்பாற்ற வேண்டிய காடு என்று அரசாணை வந்தது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படும் அமெரிக்காவின் எல்லோஸ்டோனுக்குப் பதினோரு வருடம் முந்தி! கன்றைப் பிடுங்கியது சரியா? எனக்குச் சரிதான். உங்கள் கட்சி என்ன, கமெண்டில் சண்டை போடுங்கள்.

ஒன்று மறந்துவிடாதீர்கள், செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. முதல் தடவை அதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்றவன் நான். அன்றைக்கு மழை வேறு. கிறுக்க ஓர் அலமாரிகூட இல்லை.