ரிப்போர்ட்டில நோர்மல், ஆளுக்கு நோர்மலோ?

வணக்கம் பிள்ளையள். நேரா விசயத்துக்கு வாறன், திரையில ரெண்டு ரிப்போர்ட் துண்டு போட்டிருக்கிறன் பாருங்கோ. ரெண்டு பேரும் டெங்கு வார்ட், ரெண்டு பேருக்கும் காய்ச்சல் தொடங்கி அஞ்சாம் நாள். முதலாவது ஆள் ஒரு கடைக்காரர், முப்பது வயசு, பிசிவி, அதாவது இரத்தத்தில சிவப்பணு எத்தனை வீதம் எண்ட அளவு, 45. ரெண்டாவது ஒரு அம்மா, மிளகாய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போறவ, மெலிஞ்ச உடம்பு, பிசிவி 37. ரெண்டு நம்பரும் பக்கத்தில அடிச்சிருக்கிற ரேஞ்சுக்குள்ளதான் நிக்குது, மெசின் ஒரு நட்சத்திரமும் போடேல்ல. இப்ப சொல்லுங்கோ, இரவு ஆற்ற கட்டிலுக்குப் பக்கத்தில நிப்பீங்கள்?

கன பிள்ளையள் 45ஐத்தான் காட்டுவாங்கள். கூடின நம்பர் எண்டால் கூடின வில்லங்கம் எண்டு நினைக்கிறது. ஆனா அந்த அம்மா போன மாசம் கிளினிக்குக்கு வரேக்க அவவின்ர பிசிவி 30, ஏற்கனவே இரத்தம் குறைஞ்ச ஆள். 30ல இருந்து 37 எண்டால் 23 வீதம் ஏறியிருக்கு. டெங்குவில இரத்தக் குழாயில இருந்து பிளாஸ்மா ஒழுகேக்க, பாலை அடுப்பில வைச்சா தண்ணி வத்தி தடிக்கிற மாதிரி இரத்தம் தடிக்கும், அந்தத் தடிப்பைத்தான் பிசிவி காட்டுது, தன்ர வழமையான அளவில இருந்து 20 வீதம் ஏறினாலே ஒழுகுது எண்டு எடுக்கச் சொல்லித்தான் படிச்சிருப்பீங்கள். கடைக்காரருக்கு முந்தி 43, இப்ப 45, அஞ்சு வீதமும் இல்லை. அவர் போன் பாத்துக்கொண்டு இருக்கிறார், இருக்கட்டும். நீங்கள் அம்மாவிட்டப் போங்கோ.

இதைத்தான் நான் ஆளுக்கேத்த மருத்துவம் எண்டு சொல்லுறன். அந்தச் சொல்லைக் கேட்ட உடன பிள்ளையளுக்கு டிஎன்ஏ வாசிக்கிற மெசின், கொழும்பு, வெளிநாடு எண்டு யோசினை போகுது, எங்கட வன்னி ஆஸ்பத்திரியளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்கிறாங்கள். ஜீன் விசயத்துக்கும் வருவம், அவசரப்படாதேங்கோ. அதுக்கு முதல், 'இது ஆற்ற இரத்தம்' எண்ட கேள்வியைக் கேக்கப் பழகவேணும், அதுக்கு மெசின் தேவையில்லை.

இந்த ரேஞ்ச் எங்க இருந்து வந்தது எண்டு ஆரும் உங்களுக்குச் சொல்லித் தந்தவையோ? சுகமா இருக்கிற கொஞ்சப் பேரின்ர இரத்தத்தை எடுத்து, வந்த நம்பருகளை வரிசையா அடுக்கி, மேல ரெண்டரை வீதம் கீழ ரெண்டரை வீதம் வெட்டிவிட்டா நடுவில மிஞ்சுற 95 வீதம்தான் 'நோர்மல்'. அப்ப வருத்தமே இல்லாத இருபது பேரில ஒராள் ரேஞ்சுக்கு வெளியில நிப்பார், அது பிழை இல்லை, கணக்கே அப்பிடித்தான். இன்னும் ஒண்டு, ஒண்டோட ஒண்டு சம்பந்தப்படாத இருபது ரெஸ்டை ஒரு சுகதேகிக்குச் செய்து பாத்தீங்கள் எண்டால், ஒண்டாவது 'அப்நோர்மல்' வாற சந்தர்ப்பம் 64 வீதம். 'எல்லாம் செய்து பாப்பம்' எண்டு துண்டு எழுதுற டொக்டர்மாருக்கு இதை நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு.

அடுத்தது கிறியற்றினின், கிட்னி எப்பிடி வடிகட்டுது எண்டு பாக்க இரத்தத்தில அளக்கிற சாமான். வவுனியாப் பக்கத்துப் பிள்ளையளுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை, மதவாச்சி, பதவியா, வவுனியாவின்ர சில பகுதியள் எண்டு காரணம் பிடிபடாத கிட்னி வருத்தம் வந்து விவசாயம் செய்யிற சனத்தைத் தின்னுது, 90களில இருந்து கதைக்கினம், இன்னும் ஒரு முடிவான காரணம் இல்லை. அந்த வருத்தம் கனகாலம் சத்தம் போடாது. அதால கிறியற்றினின் நம்பரை வாசிக்கத் தெரியாட்டி ஆள் கைவிட்டுப் போனபிறகுதான் தெரியவரும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுறன். 25 வயசுப் பெடியன், நெல்லு மூட்டை தூக்கிற உடம்பு, கிறியற்றினின் 1.1. அதே 1.1 ஒரு 75 வயசு ஆச்சிக்கும் வந்திருக்கு. இப்ப பாவிக்கிற 2021 சூத்திரத்தில போட்டால் பெடியனுக்கு கிட்னி வடிகட்டுற வேகம் 95 சொச்சம், ஆச்சிக்கு 52. ஒரே நம்பர், ஒராளுக்கு முழுக் கிட்னி, மற்றாளுக்கு அரைவாசிதான். ஏன் எண்டால் கிறியற்றினின் தசையில இருந்து வாற குப்பை, ஆச்சியிட்ட தசையே இல்லை, குப்பை கொஞ்சமா வந்தும் 1.1 தேங்கி நிக்குது எண்டால் அள்ளுற ஆள் களைச்சுப் போனார் எண்டுதானே அர்த்தம். ஆச்சிக்கு சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எழுதேக்க, முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனக் எழுதேக்க இந்த 52தான் உங்கட மண்டையில நிக்கவேணும்.

லாப் பக்கத்தாலயும் ஒரு கள்ளம் இருக்கு. கன இடங்களில இப்பவும் யாஃபே முறைதான், 1886ல வந்தது, காரம் போட்ட பிக்ரிக் அசிட்டோட கிறியற்றினின் சேர்ந்து செம்மஞ்சள் நிறம் தரும், நிறத்தை மெசின் அளக்கும். மலிவு, அதால நிண்டு பிடிக்குது. ஆனா உடம்பு கொழுப்பை எரிக்கேக்க வாற கீற்றோனும் அதே நிறத்தைத் தரும். சீனி வருத்தம் கூடி கீற்றோன் ஏறின ஆள் வரேக்க கிறியற்றினின் பொய்யா உயர்ந்து நிக்கும், கீற்றோன் இறங்க அதுவும் இறங்கும், நீங்கள் கிட்னியைக் காப்பாத்தினதா நினைச்சுக்கொண்டு திரிவீங்கள்.

சரி, இப்ப இரத்தம் எடுக்கிற ரியூப். உங்களுக்கு இது அலுப்பான பாடம் எண்டு தெரியும், மெடிக்கல் பிள்ளையளுக்கு ரியூபின்ர மூடி நிறம் மிஸ்ஸிமாரின்ர வேலை எண்டு ஒரு நினைப்பு. என்ர சொந்தக் கதை ஒண்டு சொல்லுறன். நான் லாப்பில சேர்ந்த புதுசு, எந்த ஆஸ்பத்திரி எண்டு கேக்காதேங்கோ. ஒரு இரவு, பொட்டாசியம் உயிருக்கே ஆபத்தான 9க்கு மேல, கல்சியம் 4 எண்டு விழுந்து கிடக்கு. நான் பயந்து வார்ட்டுக்குப் போன் அடிக்க, அங்க இன்ரேர்ன் டொக்டர் என்னை விடப் பயந்து ஈசிஜி மெசினை இழுத்துக்கொண்டு ஓட, வருத்தக்காரர் கட்டிலில இருந்து மனுசி கொண்டுவந்த றொட்டியைச் சம்பலோட சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பொட்டாசியம் 9 இருக்கிறவர் அப்பிடி றொட்டி சாப்பிடமாட்டார். நடந்தது என்ன எண்டால், சிவப்பு மூடி ரியூபுக்கு இரத்தம் காணாமல் போக, ஊதா மூடி ரியூபில இருந்து கொஞ்சத்தை அதுக்குள்ள ஊத்திவிட்டிருக்கினம். ஊதாவுக்குள்ள இருக்கிறது ஈடிடிஏ, அது பொட்டாசியம் உப்பாத்தான் இருக்கு, கல்சியத்தைப் பிடிச்சு வைச்சுத்தான் இரத்தம் உறையாமல் காக்குது. பொட்டாசியம் ஏறும், கல்சியம் விழும். ரெண்டும் சேர்ந்து வந்தா முதல் சந்தேகம் ரியூபில, பிறகுதான் ஆளில. பொட்டாசியத்தை இறக்க இன்சுலின் ஏத்த முதல் அண்டைக்கு ஒராள் கட்டிலை எட்டிப் பாத்தது புண்ணியம்.

நீல மூடி இன்னும் கண்டிப்பு. ஒன்பது பங்கு இரத்தம், ஒரு பங்கு சிற்றேற்று. கோட்டுக்குக் கீழ நிண்டால் சிற்றேற்று கூடிப்போய், இரத்தம் உறையிற நேரத்தைக் காட்டுற பிற்றி, ஐஎன்ஆர் எல்லாம் நீளமா வரும், இரத்தம் கட்டிபடாமல் இருக்க வோஃபரின் குடிக்கிற ஆளுக்கு அந்தப் பொய் ஐஎன்ஆரை நம்பி குளுசையைக் குறைச்சால், திரும்ப இரத்தம் கட்டிபட்டுத்தான் வருவார். சாம்பல் மூடி சீனிக்கு. சும்மா ரியூபில எடுத்து வைச்சா உள்ள இருக்கிற அணுக்கள் மணித்தியாலத்துக்கு 5, 7 வீதம் எண்டு சீனியைத் தின்னும். நெடுங்கேணியில காலம எடுத்த இரத்தம் பஸ்ஸில ஏறி, ஓட்டோவில மாறி, மே மாச வெயிலில எங்களிட்ட வந்து சேர மத்தியானம் எண்டால், அது அந்த ஆளின்ர சீனி இல்லை, அந்தப் பயணத்தின்ர சீனி.

பேரும் அப்பிடித்தான். எங்கட ஊர்களில ஒரே முதலெழுத்து, ஒரே பேர் ஒரு வார்ட்டில மூண்டு கிடக்கும். ஆளைக் கேட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு, இரத்தம் எடுத்த கையோட லேபலை எழுதுங்கோ, மேசையில வந்திருந்து எழுதாதேங்கோ. லான்ட்ஸ்டைனர் 1901ல இரத்த வகையைப் பிரிச்சு எழுதினதுதான் என்னைக் கேட்டால் முதலாவது ஆளுக்கேத்த மருத்துவம், அந்த நூறு வருசத்துக்கு மேற்பட்ட அறிவை ஒரு பிழையான லேபல் ஒரு நிமிசத்தில கவுத்துப் போடும்.

இனிப் பாம்பு. வன்னியில வேலை செய்யப்போறீங்கள் எண்டால் அறுவடை காலத்தில இதைத் தப்பேலாது. கண்ணாடி விரியன், சனம் புடையன் எண்டு சொல்லுவினம், அதின்ர நஞ்சு இரத்தம் உறையிற பக்டர் பத்தையும் அஞ்சையும் தட்டி எழுப்பி, உள்ள சின்னன் சின்னனா உறையவைச்சு, உறையிறதுக்குத் தேவையான சாமானையே முடிச்சுப்போடும். அதைப் பிடிக்க ஒரு லட்சத்து மெசினும் தேவையில்லை. புதுசான, காய்ஞ்ச கண்ணாடி ரியூபில 2 மில்லிலீற்றர் இரத்தம், அசைக்காமல் 20 நிமிசம், பிறகு ஒருக்கா சரிச்சுப் பாருங்கோ. தண்ணி மாதிரி ஓடினால் நஞ்சு ஏறியிருக்கு. கண்ணாடி எண்டு நான் சொல்லுறது சும்மா இல்லை, கண்ணாடி முகம்தான் உறையிறதைத் தொடக்கிவிடுது, பிளாஸ்ரிக்கில சுகதேகியின்ர இரத்தமும் உறையாமல் நிக்கும், சோப் போட்டுக் கழுவின கண்ணாடியும் கூடாது. சந்தேகம் எண்டால் கூட வந்தவரின்ர இரத்தத்தில கொஞ்சம் எடுத்து பக்கத்தில இன்னொரு ரியூப் வையுங்கோ. உறைஞ்சிட்டுது எண்டும் ஆறுதல்படாதேங்கோ, நேரத்தோட வந்த ஆளுக்கு முதல் ரெஸ்ட் நோர்மலா இருந்து பிறகு மாறும், எட்டடி விரியன் கடிச்ச ஆளுக்கு இரத்தம் வடிவா உறையும், கண் இமைதான் கீழ விழும்.

இதில ஒரு வேடிக்கை. இவ்வளவு நேரமும் ஆளுக்கேத்த மாதிரி எண்டு சொன்னன், பாம்புக்கு மாறு மருந்து குடுக்கேக்க அது தலைகீழ். பத்துக் கிலோ பிள்ளைக்கும் எண்பது கிலோ தகப்பனுக்கும் ஒரே அளவு மருந்துதான். மருந்து கட்டுப்படுத்துறது ஆளை இல்லை, நஞ்சை, பாம்பு பிள்ளை எண்டு பாத்துக் குறைச்சுக் கடிக்கிறேல்ல. சோதினையில இதுக்கு நிறைக்கணக்குப் போட்டு பிழைவிடுற பிள்ளையளை ஒவ்வொரு வருசமும் பாக்கிறன்.

இப்ப ஜீன். வன்னிச் சனத்துக்கு மலேரியா எண்டால் வீட்டில ஒரு கதையாவது இருக்கும், ஆனா உங்கட வயசுப் பிள்ளையள் கண்ணாடித் துண்டில அந்தக் கிருமியைக் கண்டிருக்கமாட்டீங்கள். 2012 ஒக்டோபரோட உள்ளூர்த் தொற்று நிண்டது, 2016 செப்டெம்பரில உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு எண்டு அறிவிச்சது. நுளம்பு இன்னும் இருக்கு, வெளிநாடு போய் வாற ஆக்கள் கிருமியைக் கொண்டு வாறதும் இருக்கு, அதால இரத்தப் பூச்சு செய்து பாக்கிற பழக்கத்தை விடாதேங்கோ. வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில ஒளிச்சிருந்து திரும்ப வரும், அதைத் துரத்த பிறைமாகுயின் 14 நாள். இந்தக் குளுசை சில பேருக்கு சிவப்பணுவை உடைச்சு மூத்திரத்தைக் கறுப்பாக்கினது. ஏன் எண்டு அமெரிக்காவில சிறைக்கைதியளுக்குக் குடுத்துப் பாத்துத்தான் 1956ல பிடிச்சவை, ஜி6பிடி எண்ட நொதியம் குறைவு. சிறைக்கைதியளில செய்தது எண்டதையும் சேர்த்து ஞாபகம் வைச்சிருங்கோ.

அந்த ஜீன் எக்ஸ் குரோமசோமில இருக்கு. ஆம்பிளைக்கு அந்தக் குறை இருக்கு அல்லது இல்லை. பொம்பிளைக்கு பாதி அணு நல்லது பாதி அணு குறைவு எண்டு கலப்பா வரலாம், சும்மா ஆம், இல்லை எண்டு சொல்லுற ரெஸ்டில அவை தப்பிப்போவினம். இன்னொரு பொறி, இரத்தம் உடைஞ்சு முடிஞ்ச கையோட ஜி6பிடி பாத்தால் நோர்மல் வரும், ஏன் எண்டால் குறைஞ்ச அணுக்கள் எல்லாம் செத்துப்போச்சு, புதுசா வந்த இளம் அணுக்களில நொதியம் கூட. சில கிழமை கழிச்சுத் திரும்பச் செய்யுங்கோ.

குளோப்பிடோகிறலும் இதே சாதிதான், இருதயத்துக்கு ஸ்ரென்ட் வைச்ச ஆக்கள் அது அடைக்காமல் இருக்கக் குடிக்கிறது. குளுசையா போகேக்க அது மருந்தே இல்லை, ஈரலில சிவைபி2சி19 எண்ட நொதியம் மாத்தினால்தான் மருந்து. அந்த நொதியம் வேலை செய்யாத வகை ஐரோப்பியரிலும் பாக்க எங்கட தெற்காசிய ஆக்களிலதான் கூட, 2010ல அமெரிக்காவில மருந்து லேபலில பெட்டி போட்டு எச்சரிக்கையும் வந்தது. ஒழுங்கா குளுசை குடிச்சும் ஸ்ரென்ட் அடைச்சுதெண்டால் 'நீங்கள் குடிச்சிருக்கமாட்டீங்கள்' எண்டு அந்த ஐயாவைப் பேசமுதல் இதை ஒருக்கா யோசியுங்கோ. வலிப்புக்குக் குடுக்கிற காபமசெப்பினும் அப்பிடி, எச்எல்ஏ-பி 15:02 எண்ட ஜீன் வகை இருக்கிற ஆளுக்கு தோல் உரிஞ்சு உயிருக்கே ஆபத்து வரலாம், 2004ல தாய்வானில கண்டது.

இதெல்லாம் இருக்கட்டும், வார்ட்டில உங்களுக்கு கையில கிடைக்கிற பெரிய சாமான் ஒண்டு இருக்கு, சொப்பிங் பை. வாற அம்மாமார், ஐயாமார் எல்லாரிட்டையும் ஒண்டு இருக்கும், உள்ள கிளினிக் கொப்பி, கசங்கின லாப் துண்டுகள், தனியார் கிளினிக்கில எடுத்த ஸ்கான், மருந்து மட்டையும் இருக்கும். 2009ல யுத்தம் முடியேக்க இஞ்ச கன சனம் பையும் கொப்பியும் எல்லாத்தையும் விட்டிட்டு உயிரோட மட்டும் வந்தது, அந்த ஆக்களுக்கு அதுக்கு முந்தின தங்கட நோர்மல் என்னெண்டே தெரியாது, அதால பிறகு கிடைச்ச ஒவ்வொரு துண்டையும் பத்திரப்படுத்தி வைச்சிருக்கினம். ரவுண்டில நேரமில்லை எண்டு அந்தப் பையைத் தள்ளி வைக்காதேங்கோ. நான் முதல் சொன்ன அம்மாவின்ர 30 எங்க இருந்து வந்தது எண்டு நினைக்கிறீங்கள்? கட்டிலுக்குக் கீழ கிடந்த பைக்குள்ள, குடைக்கும் வெத்திலைச் சரைக்கும் நடுவில இருந்து.