குவார்ட்டர்ஸ்டாஃப்: இங்கிலாந்தின் கம்புச் சண்டை

(காட்சி: ஓடையின் மேல் மரப்பாலம். இருவர் கம்பை நடுவில் பிடித்து மோதுகிறார்கள்.)

ராபின் ஹூட் கதை என்றாலே இந்தக் காட்சி வந்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால் 16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஆசான்கள் எழுதிவைத்த சண்டை முறை வேறு. அவர்கள் கம்பின் ஒரு கடைசியைத்தான் பிடித்தார்கள்.

(காட்சி: கைகள் நெருக்கத்தில்.)

பின் கை அடிமுனையில். முன் கை அதிலிருந்து கொஞ்சம் தள்ளி. மீதிக் கம்பு முழுக்க எதிராளியை நோக்கி நீண்டிருக்கும். எட்டடிக் கம்பை நடுவில் பிடித்தால் நாலடிதான் முன்னால் நிற்கும். வாள்காரனைத் தள்ளி நிறுத்த அது போதாது.

சரி, எவ்வளவு நீளம் வேண்டும்? 1599-இல், சண்டை முறை பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயர் ஜார்ஜ் சில்வர் ஒரு அளவு சொன்னார். நிமிர்ந்து நின்று, கம்பை உடலை ஒட்டிச் செங்குத்தாக ஊன்றி, இடது கையால் பிடிக்க வேண்டும். வலது கையை எட்டும் மட்டும் மேலே நீட்ட வேண்டும். அதற்கு மேல், இரண்டு கையும் இடைவெளி விட்டுப் பிடிக்கும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் நீளம். பெரும்பாலும் 8, 9 அடி வரும். ஆளுக்கு ஆள் கம்பு மாறும். எனக்கு இந்த அளவில் மிகவும் பிடித்தது அதுதான்.

(காட்சி: மெதுவான ஓட்டத்தில் ஒரு குத்து.)

அடியைவிட ஆபத்தானது குத்து. சுழற்றி அடிக்கும்போது முனை விலகிப் போகும், நெஞ்சு திறந்துவிடும். குத்து நேராகப் போகும். முன் கையை விட்டுவிட்டு, பின் கையால் மட்டும் எட்டிக் குத்தும் முறையை 1617-இல் ஜோசப் ஸ்வெட்னம் என்ற ஆங்கிலேய ஆசான் எழுதினார். அந்த ஒரு கணத்தில் கம்பு இன்னும் நீண்டுவிடும்.

(காட்சி: ஸ்பெயின் வரைபடம், காடிஸ் துறைமுகம்.)

இனி ரிச்சர்ட் பீக். டெவன் மாவட்டம் டாவிஸ்டாக் ஊர்க்காரர். 1625-இல் ஆங்கிலேயப் படை காடிஸைத் தாக்கியபோது ஸ்பானியர்களிடம் சிக்கினார். ஹெரஸ் நகரில், பிரபுக்கள் முன்னிலையில் அவரைச் சண்டைக்கு இறக்கினார்கள். என்ன ஆயுதம் வேண்டும் என்று கேட்டதற்கு, ஒரு ஹால்பர்டின் (நீண்ட கம்பின் தலையில் கோடரியும் ஈட்டிமுனையும் பொருத்திய ஆயுதம்) இரும்புத் தலையைக் கழற்றித் தரச் சொன்னார். அப்புறம் மிஞ்சியது நீண்ட கம்பு, அடியில் ஓர் இரும்பு முனை. எதிரே ரேப்பியர் என்ற மெல்லிய நீண்ட வாளும் குத்துவாளும் ஏந்திய மூன்று பேர்.

ஒருவர் இறந்தார். மற்ற இருவரின் ஆயுதங்களும் கையைவிட்டுப் போயின. இது பீக்கே சொன்ன கதை, 1626-இல் லண்டனில் அச்சானது; கொஞ்சம் பெருமை கலந்திருக்கலாம். ஆனால் சண்டையின் கணக்கு சரியாகவே இருக்கிறது. ரேப்பியர்காரன் குத்த வேண்டுமானால் முதலில் கம்பின் முனையைத் தாண்டி உள்ளே வர வேண்டும். வந்தவனுக்கு அடிமுனை இரும்பு தயாராக இருந்தது.