மேற்கோள் எண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது?

(வேலூரில் ஆராய்ச்சி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

புற்றுநோய், முதுமை இரண்டையும் சேர்த்து ஆராயும் ஒருவரின் வெளியீட்டுப் பட்டியல் உங்கள் கைக்கு வருகிறது. அவரிடம் பி.எச்டி.க்குச் சேரலாமா என்று முடிவெடுக்க வேண்டும். பட்டியலின் தலையிலேயே மொத்த மேற்கோள் (அவருடைய கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் சுட்டிய தடவைகள்) இவ்வளவு, எச்-இன்டெக்ஸ் இவ்வளவு என்று போட்டிருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் பிரித்துப் பார்க்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலில் பெயர். இதை நம் ஊர்ப் பிரச்சினை என்றே சொல்வேன். வடாற்காட்டில் நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். கோவிந்தசாமி மகன் முருகன் முதல் கட்டுரையில் 'ஜி. முருகன்' என்று போடுகிறார். அடுத்ததில், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி 'முருகன் கோவிந்தசாமி'. தரவுத்தளம் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கட்டுரை அப்பா பெயரில் போய் உட்கார்ந்துவிடும். மறுபக்கம், குடியாத்தத்து 'ஜி. முருகன்', மதுரை 'ஜி. முருகன்' எல்லாரும் ஒரே கணக்கில் கலந்துவிடுவார்கள். ஒருவருக்குக் குறையும், இன்னொருவருக்கு உழைக்காமலே கூடும். ஆகவே முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண் வாங்குங்கள், அது இலவசம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் உங்கள் பக்கத்தில் கட்டுரைகள் தானாகச் சேர்வதை நிறுத்தி, கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள்.

இனி எச்-இன்டெக்ஸ். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்தது. எச் என்பது 6 என்றால், குறைந்தது 6 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 6 இருக்கின்றன, 7-க்கு அப்படிச் சொல்ல முடியாது என்று பொருள். பத்துக் கட்டுரைகளின் மேற்கோள்களை இறங்குவரிசையில் எழுதுவோம்: 120, 45, 30, 18, 9, 7, 6, 6, 3, 0. ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள். ஏழாவதுக்கு 6 மட்டுமே. எனவே எச் 6. மொத்தம் 244, சராசரி 24.4. ஆனால் நடுவில் இருக்கும் இரண்டு கட்டுரைகளுக்கு 9, 7 தான், இடைநிலை 8. சராசரியைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒற்றை 120. அது என்ன கட்டுரை என்று திறந்து பாருங்கள். மறுஆய்வுக் கட்டுரையாக இருந்தால், மேற்கோளில் ஏறக்குறைய பாதி பிறருடைய கண்டுபிடிப்புகளைத் தொகுத்துச் சொன்னதற்கு வந்தது. தொகுப்பதும் அரிய உழைப்புதான்; ஆனாலும் ஆய்வகத்தில் கண்டுபிடித்ததோடு அதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்தத் துறையில் இது மிகவும் முக்கியம். ஹனஹனும் வைன்பர்கும் 2000-ல் புற்றுநோயின் அடையாளக்கூறுகளை, அதாவது அதற்கே உரிய பொதுப் பண்புகளை, எழுதினார்கள். லோபஸ்-ஓட்டின் குழு 2013-ல் முதுமைக்கு ஒன்பது அடையாளக்கூறுகளை வகுத்து, 2023-ல் பன்னிரண்டாக்கியது. மூன்றுமே மறுஆய்வுகள்தாம். முன்னுரையின் முதல் வாக்கியத்திலேயே இவற்றைச் சுட்டிவிட்டுத்தான் பலரும் எழுதத் தொடங்குகிறார்கள். இப்படி வந்த மேற்கோளும், ஒருவரின் சோதனை முறையை எடுத்துச் செய்து பார்த்து அதே முடிவைப் பெற்றவர் தரும் மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றுதான், எடையில் ஒன்றல்ல.

புற்றுநோய் பெரிய துறை. ஆள் அதிகம், இதழ் அதிகம், மேற்கோளும் விரைவில் வரும். சிறு புழுவை வைத்து ஆயுளை ஆராய்பவரை, மார்பகப் புற்றுநோய் மருந்துச் சோதனையில் இருபது பேரில் ஒருவராக இருப்பவரோடு எச்-இன்டெக்ஸால் ஒப்பிடுவது அநியாயம். அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரையோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆசிரியர் வரிசையையும் பாருங்கள்: உயிர்மருத்துவத்தில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர்.

ஹேஃப்லிக்கும் மூர்ஹெட்டும் மனித உயிரணுக்கள் ஒரு வரம்புக்கு மேல் பிரிவதில்லை என்று எழுதிய கட்டுரையை ஒரு முன்னணி இதழ் திருப்பி அனுப்பியது. மறுத்து எழுதியவர் பெய்ட்டன் ரௌஸ். கட்டுரை 1961-ல் வேறு இதழில் வந்து, செல் முதுமை ஆய்வுக்கே அடித்தளமானது. அந்த ரௌஸுக்கும் 1911-ல் கோழிக் கட்டிக்கு வைரஸ் காரணம் என்று காட்டியதற்கு நோபல் கிடைத்தது 1966-ல்தான். ஐந்தாண்டு மேற்கோளை வைத்து ஒருவரை எடைபோடும் குழுக்கள் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி செய்முறை. ஒரே தரவுத்தளத்தில் பாருங்கள், பார்த்த தேதியைக் குறியுங்கள். ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் (இதழில் வரும் முன்பே இணையத்தில் இடும் கட்டுரைகள்) சேர்ப்பதால் கூகுள் ஸ்காலரில் எண் கூடுதலாகத் தெரியும், ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளத்தில் குறையும். ஒருவர் தன் கட்டுரையைத் தானே சுட்டிய மேற்கோள்களைக் கழியுங்கள். முதுமைக்கான ஆங்கிலச் சொல்லை அமெரிக்கர் aging என்றும் பிரிட்டிஷார் நடுவில் ஓர் எழுத்து சேர்த்து ageing என்றும் எழுதுவார்கள். இரண்டையும் போட்டுத் தேடாவிட்டால் சில கட்டுரைகள் நழுவக்கூடும். பிறகு, அதிகம் மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் சுட்டிய ஐந்து கட்டுரைகளில் அந்தச் சுட்டு வரும் வாக்கியத்தைப் படியுங்கள். பதினைந்து வாக்கியங்கள், ஒரு மாலைப்பொழுது. கடைசியாக, அந்த மூன்றில் எதுவும் பிழை அல்லது மோசடி காரணமாக இதழால் திரும்பப் பெறப்பட்டதா என்று இதழின் பக்கத்திலேயே சரிபாருங்கள். திரும்பப் பெற்ற பிறகும் மேற்கோள்கள் வந்துகொண்டேதான் இருக்கும், எண் தானாகக் குறையாது.