"இது எதனால வந்துச்சு?" இளவயதுக் குடல் புற்றுநோயும் நாம் சொல்லும் காரணங்களும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் வந்த, 50 வயதுகூட ஆகாத ஒருவரிடம் "இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். புதுச்சேரியில் செவிலியராக இருந்து நான் கேட்ட பதில்களைச் சொல்கிறேன். ராத்திரி கடையில் தின்ற பரோட்டா. பிராய்லர் கோழி. லாரி ஓட்டும்போது மலத்தை அடக்கி அடக்கி வைத்தது. நைட் ஷிப்ட். கடன் கவலை. கொரோனா ஊசி. சிப்காட் காற்று. செய்வினை. அப்புறம், "உடம்பு சூடுங்க, மூலம் முத்திப்போச்சு."

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். 32 வயதில் மலம் வெளியேற வயிற்றில் பை மாட்டிக்கொண்டு படுத்திருப்பவருக்கு ஒரு காரணம் வேண்டும், அது கிடைக்காமல் தூக்கம் வராது. எனக்குக் கவலை எல்லாம் அந்தக் காரணம் யார் தலையில் போய் விடிகிறது என்பதுதான். பல வீடுகளில் அது மனைவி தலையில் விடிகிறது. "இவ என்னத்த ஆக்கிப் போட்டாளோ" என்று மாமியார் வார்டிலேயே சொல்வார், அந்தப் பெண் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் நோயாளி தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்வார்: "நான் ஒழுங்கா இருந்திருந்தா வந்திருக்காதுல்ல?"

தெரிந்ததைச் சொல்கிறேன். மது, புகை, அதிக எடை, உடலசைவு இல்லாத வாழ்க்கை, நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு இவையெல்லாம் இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டும். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வுப் பிரிவு 2015-இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது கணக்கு, ஆனால் அது சாசேஜ், பேக்கன் வகை. நம் ஊர்க் கோழிக்குழம்பு அந்தப் பட்டியலில் இல்லை. கவலையோ மலத்தை அடக்கியதோ இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை.

சிப்காட் தொழிற்பேட்டை பற்றிக் கடலூரில் நின்றுகொண்டு பேசாமல் போக முடியாது. குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. ஆலைகளில் புழங்கும் வேதிப்பொருட்களில் பென்சீன் ரத்தப் புற்றுநோயையும் வினைல் குளோரைடு கல்லீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது நிரூபணமான விஷயம். பெருங்குடலுக்கு அந்த அளவு உறுதியான ஆதாரம் இல்லை. அதற்காக நல்ல காற்றுக் கேட்டுப் போராடுவதை யாரும் நிறுத்த வேண்டாம், நாம் மூச்சு விட வேண்டும் என்பது ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

இன்னொன்று. நாம் எப்போதும் போன வருடம் நடந்ததைத்தான் குற்றம் சொல்கிறோம். புது வேலை, ஊசி, ஹாஸ்டல் சாப்பாடு. குடலின் உள்சுவரில் ஒரு சிறு சதை முளைத்துப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். 2025-இல் வந்த ஓர் ஆய்வில், 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளில் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். குடலில் வாழும் சில ஈ. கோலை பாக்டீரியாக்கள் கோலிபாக்டின் என்று ஒரு நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு மரபணுவில் விட்டுப்போன தழும்புகள், 70 வயது தாண்டியவர்களைவிட 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகமாக இருந்தன. அவை சிறு வயதிலேயே, முதல் பத்து வருடத்துக்குள் விழுந்திருக்கலாம் என்கிறார்கள். இதுதான் காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அப்படி இருந்தால், நான்காம் வகுப்புப் படித்த பிள்ளை என்ன தப்பு செய்திருக்கும், சொல்லுங்கள்? நேற்று வந்த மருமகள் என்ன செய்திருப்பாள்?

சரி, எந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கிறது என்று கேட்டால் நான் தயங்காமல் மூலத்தைத்தான் சொல்வேன். பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க மூலம், பவுத்திரம் போஸ்டர்தான். ரத்தம் போகிறதா, சூடு, மோர் குடி, கருணைக்கிழங்கு சாப்பிடு என்று மாதக்கணக்கில் போய்விடுகிறது. வெட்கம் வேறு. கல்யாணம் ஆகாத பெண் என்றால் அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டாள். மலத்தில் ரத்தம், விடாத வயிற்றுவலி, நிற்காத வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத ரத்தசோகை, இதில் எது இருந்தாலும் வயதைப் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள பல கட்டிகள் கையுறை போட்ட விரலுக்கே தட்டுப்படும், அரை நிமிட வேலை. அந்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் மூலம் என்று மருந்து எழுதினால், "பரிசோதிச்சுப் பாத்துடுங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மூலம் இருப்பவருக்குப் புற்றும் சேர்ந்து இருக்கலாம். ஆனால் மூலம் முற்றிப் புற்றாக மாறாது.

கடைசியாக, நோயாளிகள் போகிற போக்கில் சொல்லும் ஒன்று, "எங்க அப்பாவும் வயித்துல கட்டி வந்துதான் செத்தாரு." இதை அவர்கள் விதி என்று சொல்கிறார்கள், நான் உடனே நோட்டை எடுப்பேன். இளவயதில் இந்த நோய் வருபவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குப் பரம்பரை மரபணுக் கோளாறு இருக்கிறது. லிஞ்ச் சிண்ட்ரோம் அதில் முக்கியமானது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் அந்தக் கோளாறு ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு, அதே குடும்பத்துப் பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோயும் வரலாம். ஆகவே எந்த உறுப்பில், எந்த வயதில் என்று அத்தை, சித்தப்பா, பாட்டி எல்லோரையும் கேட்டு எழுதி வையுங்கள். கூடப்பிறந்தவருக்கு 38 வயதில் வந்திருந்தால், அதிலிருந்து பத்தைக் கழித்து, 28 வயதிலேயே உங்களுக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும். லிஞ்ச் என்று உறுதியானால் 20, 25 வயதிலேயே தொடங்க வேண்டியிருக்கும். அந்தச் சிறு சதையை அப்போதே எடுத்துவிடலாம். எழுதிய தாளை அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டு போங்கள்.