டிவியே பார்க்காத வீட்டுக்கு டிவி லைசென்ஸ் கடிதம் வந்தால்

(திரையில்: வாசற்கதவுக்குப் பின்னால், மிதியடி மேல் கிடக்கும் வெள்ளை உறை)

வணக்கம். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தம்பியிடமிருந்து படம் வந்தது. ஊரிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் தனியாக ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறான். படத்துக்குக் கீழே இரண்டே வரி: "அண்ணா, ஜெயில்ல போட்டுடுவாங்களா? என்கிட்ட டிவியே இல்லையே."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிவி லைசென்ஸ் பற்றிய கடிதம். பிரிட்டனில் டிவி நிகழ்ச்சி பார்க்க வருடாவருடம் கட்டணம் கட்டி எடுக்கும் அனுமதிதான் அது, பணம் பிபிசிக்குப் போகும். தடித்த சிவப்பு எழுத்து. இந்த முகவரிக்கு லைசென்ஸ் இல்லை, விசாரணை தொடங்குகிறோம், 1,000 பவுண்ட் வரை அபராதம் வரலாம் என்கிற தோரணையில் கடிதம் போகிறது. வெளிநாட்டில் புதிதாகக் குடியேறி, விசாவை நினைத்துக்கொண்டே தூங்கப் போகிறவனுக்கு இதைப் படித்தால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

அவனை முதலில் ஒன்றைப் பார்க்கச் சொன்னேன். கடிதம் யார் பெயருக்கு வந்திருக்கிறது?

(திரையில்: உறையின் முகவரிப் பகுதி, நெருக்கத்தில்)

"தி லீகல் ஆக்குபையர்." அதாவது, சட்டப்படி இந்த வீட்டில் குடியிருப்பவர். அவன் பெயர் எங்கேயும் இல்லை. அவர்களிடம் இருப்பது முகவரிப் பட்டியல். எந்த முகவரிக்கு லைசென்ஸ் பதிவாகவில்லையோ அங்கே கடிதம் தானாகவே கிளம்பிவிடும். பதில் வராவிட்டால் அடுத்தது, அதற்கும் வராவிட்டால் இன்னும் கடுமையான வாசகத்தோடு இன்னொன்று. யாரோ உங்களை வேவு பார்த்து எழுதியதல்ல அது. கடிதம் வந்துவிட்டதாலேயே உங்கள் மேல் வழக்கு இருக்கிறது என்றும் ஆகிவிடாது.

அனுப்புவது யார்? டிவி லைசென்சிங். இது போலீஸ் இல்லை, அரசுத் துறையும் இல்லை. பிபிசி பயன்படுத்தும் வணிகப் பெயர். வேலையை ஒப்பந்தம் எடுத்து நடத்துவது கேபிட்டா என்கிற தனியார் கம்பெனி. ஆனால் பின்னால் இருக்கும் சட்டம் நிஜமானது. 2003ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டப்படி, லைசென்ஸ் தேவைப்படும்போது அது இல்லாமல் பார்ப்பது குற்றம். அதனால் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

சட்டம் கேட்பது இரண்டே விஷயம். எந்த சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்க்கிறீர்களா, அல்லது பதிவு செய்கிறீர்களா? பிபிசி நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் சேவையான பிபிசி ஐபிளேயரைப் பயன்படுத்துகிறீர்களா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் லைசென்ஸ் வேண்டும். ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கும் வேண்டும் என்பது 2016 செப்டம்பர் 1 முதல் வந்த விதி. டிவி பெட்டி வீட்டில் இருப்பது குற்றமில்லை. கேம் விளையாடவும் டிவிடி பார்க்கவும் மட்டும் வைத்திருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. டிவியே இல்லாமல் ஃபோனில் நேரலை பார்த்தால் தேவை. பெட்டியை வைத்து முடிவு செய்வதில்லை, பார்ப்பதை வைத்துத்தான்.

நம் ஆட்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். "சன் டிவி சென்னையிலிருந்து வருது, அதுக்கு நான் ஏன் பிபிசிக்குக் காசு கட்டணும்?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சேனல் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. பிரிட்டனில் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் சீரியலை அதே நேரத்தில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். அது டிஷ்ஷில் வந்தாலும் சரி, ஆப்பில் வந்தாலும் சரி. அதே சீரியலை மறுநாள் காலையில் ஆப்பில் எடுத்துப் பார்த்தால் வேண்டாம். யூடியூபில் செய்தி சேனலின் நேரலை ஓடினால் வேண்டும். அதிலிருந்து வெட்டிப் போட்ட பேட்டியை அப்புறமாகப் பார்த்தால் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸில் படம் பார்க்க லைசென்ஸ் வேண்டாம், அங்கேயே நேரலையாக ஏதாவது பார்த்தால் வேண்டும். வெறும் ரேடியோ கேட்பதற்கு எதுவுமே வேண்டாம், அந்த லைசென்ஸை 1971இலேயே எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீ என்னடா பார்ப்பே?" என்று தம்பியைக் கேட்டேன். "நெட்ஃபிளிக்ஸ், யூடியூப். அப்புறம் ஐபிஎல் வந்தா ஃபோன்ல மேட்ச்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனுக்கே புரிந்துவிட்டது.

லைசென்ஸ் தேவை என்றால் வாங்கிவிடுங்கள். 2025 ஏப்ரலில் வைத்த கட்டணம் வருடத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது, மாதாமாதமும் கட்டலாம். வீட்டை ஒரே ஒப்பந்தத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்திருந்தால் பொதுவாக ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் அவரவருக்குத் தனி.

(திரையில்: டிவி லைசென்சிங் இணையதளத்தின் அறிவிப்புப் பக்கம்)

நிஜமாகவே வேண்டாம் என்றால்? இணையதளத்தில் "நோ லைசென்ஸ் நீடட்", அதாவது லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவிக்கலாம். சில நிமிட வேலை. அதன்பின் சுமார் இரண்டு வருடத்துக்குக் கடிதங்கள் நிற்கும், பிறகு மறுபடி கேட்பார்கள். சரிபார்க்க ஆள் வரவும் கூடும். அறிவிக்க வேண்டும் என்று சட்டக் கட்டாயம் கிடையாது. பதில் போடாமலே வருடக்கணக்காக இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், கடிதத்தைப் பார்த்ததும் தூக்கம் போகிறவர் அறிவித்துவிடுவது நல்லது. உறுதிப்படுத்தும் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருப்பவர், பேங்கில் தானாகப் பணம் எடுக்கும் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். தேவையில்லை என்று அவர்களிடம் சொல்லி, மீதிக் காலத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

அடுத்து, வாசலுக்கு வரும் ஆள். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் கதவைத் தட்டுவார். அவருக்கு உங்கள் வீட்டுக்குள் நுழைய உரிமை கிடையாது, நீங்கள் அனுமதித்தால் மட்டுமே வரலாம். கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. பெயரும் சொல்ல வேண்டியதில்லை. எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "வேண்டாம், நன்றி" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். கோர்ட் வாரண்டோடு வந்தால் கதை வேறு, அப்போது தடுக்கக் கூடாது. ஆனால் வாரண்ட் வருவது அபூர்வம்.

நீங்கள் சொல்வதை அவர் ஒரு படிவத்தில் எழுதி, கடைசியில் கையெழுத்துக் கேட்பார். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. பகலில் கதவைத் திறப்பவர் யார்? பெரும்பாலும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் அம்மா. டிவி லைசென்ஸ் வழக்குகளில் தண்டனை பெறுபவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் பெண்கள். இது ஏன் என்று பிபிசியே ஆய்வு நடத்த வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே காரணத்துக்காக ஒரு பெண் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து மாட்டிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் இந்த வீடியோவை நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். வீட்டில் பகலில் இருப்பவரிடம், அது அக்காவோ அத்தையோ யாராக இருந்தாலும், தமிழில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

எந்தக் காரணம் கொண்டும் ஓரமாக வைக்கக் கூடாத கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் சொந்தப் பெயர் இருக்கும், மேலே "சிங்கிள் ஜஸ்டிஸ் புரொசீஜர் நோட்டீஸ்" என்று எழுதியிருக்கும். அதுதான் வழக்கு. பதில் சொல்ல 21 நாள். பேசாமல் இருந்தால், நீங்கள் இல்லாமலேயே ஒரு மாஜிஸ்திரேட் காகிதங்களை வைத்து முடித்துவிடுவார். அதைக் கையில் எடுத்த அன்றே, பக்கத்திலிருக்கும், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் மையத்துக்குப் போங்கள். இந்தக் குற்றத்துக்குத் தண்டனை அபராதம்தான், சிறை கிடையாது. விதித்த அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் விடும்போதுதான் சிறை என்ற பேச்சே வரும்.

லைசென்ஸ் முடிந்துவிட்டது, கார்டு நம்பர் போடு என்று வரும் ஈமெயிலையும் மெசேஜையும் நம்பி லிங்க்கைத் தொடாதீர்கள், மோசடி நிறைய நடக்கிறது. சந்தேகமான மெசேஜை 7726 என்ற புகார் எண்ணுக்கு அனுப்பிவிடலாம்.

(திரையில்: மேசை மேல் விரித்து வைத்த அதே கடிதம்)

தம்பி ஒரு நாள் யோசித்தான். மேட்சை நேரலையில் பார்ப்பதில்லை, முடிந்ததும் ஹைலைட்ஸ் போதும் என்று முடிவெடுத்து அறிவிப்பை அனுப்பினான். ஃபோனிலிருந்து மேட்ச் பார்க்கும் ஆப்பையும் அழித்துவிட்டான். மறுநாள் உறுதிப்படுத்திய பக்கத்தின் படத்தை எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: "ஸ்கோர் மட்டும் சொல்லிடாதீங்கண்ணா."